1.45 கோடி டாலரை வேண்டாம் என்றவர்!

2018 நவம்பர் 14, புதன்கிழமை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம். ஸ்டீலர்ஸ் அணி வீரர்களின் உடை மாற்றும் அறையில் ஒரு லாக்கரைச் சுற்றிக் கூட்டம். உள்ளே இருந்த ஷூக்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே சிரிப்பும் கேலியும். பத்திரிகையாளர்களின் செல்போன் கேமராக்கள் எல்லாவற்றையும் பதிவு செய்கின்றன.

லாக்கரின் சொந்தக்காரர் செத்துப்போகவில்லை. அணியிலிருந்து நீக்கப்படவும் இல்லை. அவருக்காக 1 கோடியே 45 லட்சத்து 44 ஆயிரம் டாலர் சம்பளம் காத்திருந்தது. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து விளையாடினால் போதும். முந்தைய நாள் மாலை 4 மணிவரை அதற்கு அவகாசம் இருந்தது. அவர் வரவில்லை. அதனால், அந்த ஆண்டு முழுக்க அவர் விளையாட முடியாது. ஒரு டாலர்கூடக் கிடைக்காது.

லெவியான் பெல் என்ற அந்த வீரருக்கு அப்போது வயது 26.

இவ்வளவு பணத்தை வேண்டாம் என்கிறவர் ஒன்று துறவியாக இருக்க வேண்டும், அல்லது பைத்தியமாக இருக்க வேண்டும் என்றுதான் அன்று பலரும் பேசினார்கள். பெல் இரண்டும் இல்லை. அவர் கேட்டதும் பணம்தான். ஆனால், இந்த ஆண்டுக்கான பணம் அல்ல. அடுத்தடுத்த ஆண்டுகளுக்கான உத்தரவாதம்.

இது நாம் பார்க்கும் கால்பந்து இல்லை. ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மோதும் அமெரிக்கன் ஃபுட்பால். அதன் தொழில்முறைப் போட்டித் தொடர்தான் என்.எஃப்.எல். மொத்தம் 32 அணிகள். உலகிலேயே அதிக வருமானம் பார்க்கும் விளையாட்டுத் தொடர் இதுதான். 

ஒவ்வொரு அணிக்கும் மூளை, குவார்ட்டர்பேக் எனப்படும் வீரர். பந்தை யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று நொடிப்பொழுதில் முடிவெடுப்பவர் அவர். பெல் பார்த்தது வேறு வேலை. ரன்னிங் பேக். குவார்ட்டர்பேக் கையில் கொடுக்கும் பந்தை வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரே நிற்கும் நூற்று நாற்பது கிலோ ஆட்களின் சுவருக்குள் புகுந்து ஓட வேண்டும். இடைவெளி கிடைத்தால் ஓட்டம், கிடைக்காவிட்டால் அடி. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும்.

பெல்லின் பாணி தனியானது. பந்தை வாங்கியதும் பாயமாட்டார். ஒரு கணம் நிற்பதுபோல் தயங்குவார். முன்னால் அவர் அணிக்காரர்கள் எதிரிகளைத் தள்ளி வழி திறக்கும்வரை பொறுத்திருந்து, கதவு திறந்த அந்த நொடியில் நுழைந்துவிடுவார். களத்தில் இருந்த அந்தப் பொறுமை பேச்சுவார்த்தை மேஜையிலும் அவருக்கு இருந்தது. அங்கே மட்டும் கதவு திறக்கவே இல்லை.

2017 சீசனில் அவர் பந்தை ஏந்தி ஓடியது 321 முறை. எறிந்த பந்தைப் பிடித்தது 85 முறை. மொத்தம் 406 முறை பந்து அவர் கையில் இருந்தது. அந்த ஆண்டு என்.எஃப்.எல்.-லில் வேறு யாரும் இத்தனை முறை பந்தைத் தொடவில்லை. பந்தைத் தொடுவது என்றால் பெரும்பாலும் தரையில் சாய்க்கப்படுவது என்று அர்த்தம். வாரம் ஒருமுறை சின்னதாக ஒரு கார் விபத்தில் சிக்கி எழுந்து வருவதுபோல என்று அங்கே சொல்வார்கள்.

பாராட்டுப் பத்திரமா, பூட்டா?

பெல் மறுத்த அந்தக் காகிதத்துக்கு ஒரு பெயர் உண்டு. ஃப்ரான்சைஸ் டேக்.

என்.எஃப்.எல்.-லில் ஒரு வீரர் தான் சேரும் முதல் அணியைத் தேர்ந்தெடுக்க முடியாது. கல்லூரியில் ஆடி முடித்தவர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். எந்த அணி கூப்பிடுகிறதோ அங்கேதான் போயாக வேண்டும். முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள். 2011-ல் வந்த தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு, அந்த நான்கு ஆண்டுச் சம்பளமும் கிட்டத்தட்ட அட்டவணைப்படிதான். பேரம் பேச அதிகம் இடமில்லை. 2013-ல் 48-வது ஆளாகத் தேர்வான பெல்லுக்கு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கிடைத்தது சுமார் 40 லட்சம் டாலர். அந்த நான்கு ஆண்டுகளுக்குள் நாட்டின் தலைசிறந்த ரன்னிங் பேக்குகளில் ஒருவர் என்று பெயர் வாங்கிவிட்டார்.

நான்கு ஆண்டு முடிந்தால் வீரருக்கு விடுதலை. யார் அதிகம் கொடுக்கிறார்களோ அவர்களிடம் போகலாம். இந்த உரிமையும் சும்மா வரவில்லை. 1987-ல் நடந்த வேலைநிறுத்தம், அதன் பிறகு வருடக்கணக்கில் நடந்த நீதிமன்ற வழக்குகள் எல்லாவற்றுக்கும் பிறகு 1993-ல்தான் முழுமையாகக் கிடைத்தது. ஆனால் அணி முதலாளிகள், கொடுத்த கையோடு ஒரு பூட்டையும் வாங்கிக்கொண்டார்கள். 'சரி, எல்லோரையும் விட்டுவிடுகிறோம். ஆண்டுக்கு ஒரே ஒருவரை மட்டும் நிறுத்திவைத்துக்கொள்ள அனுமதி வேண்டும்' என்றார்கள். அதுதான் இந்த டேக்.

டேக் போடப்பட்டவருக்கு ஓராண்டு ஒப்பந்தம். சம்பளம், அவர் ஆடும் இடத்தில் உச்சத்தில் இருக்கும் ஐந்து பேரின் சம்பளச் சராசரியை வைத்துக் கணக்கிடப்படும். அல்லது அவருடைய முந்தைய ஆண்டுச் சம்பளத்தில் 120 சதவிகிதம். இரண்டில் எது அதிகமோ அது. வெளியே இருந்து பார்த்தால் இதில் என்ன குறை? முதல் ஐந்து பேருக்கு நிகரான சம்பளம் என்றால் பாராட்டுப் பத்திரம்தானே!

குறை எங்கே என்றால், அந்த 'ஓராண்டு' என்ற வார்த்தையில். என்.எஃப்.எல். ஒப்பந்தங்களில் ஒரு விநோதம் உண்டு. ஐந்து ஆண்டு, ஏழு கோடி என்றெல்லாம் செய்தித்தாளில் வரும் தொகை பெரும்பாலும் அலங்காரம். அமெரிக்காவில் கூடைப்பந்து, பேஸ்பால் வீரர்களுக்கு ஒப்பந்தம் போட்டால் அநேகமாக முழுத் தொகையும் கைக்கு வந்துவிடும். ஃபுட்பாலில் அணி நினைத்தால் இரண்டாவது ஆண்டே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மீதி சம்பளம் காற்றில். அதனால், விவரம் தெரிந்த வீரரும் ஏஜென்ட்டும் மொத்தத் தொகையைப் பார்ப்பதில்லை. அதற்குள் 'உத்தரவாதம்' எவ்வளவு என்றுதான் பார்ப்பார்கள். முழங்கால் உடைந்தாலும், ஆட்டம் சரிந்தாலும் வந்தே தீரும் பணம் அது மட்டும்தான்.

டேக் போட்டவருக்கு இந்த ஆண்டுச் சம்பளம் உறுதி. அடுத்த ஆண்டு? அது அவருடைய முழங்காலின் பொறுப்பு.

2017-ல் ஸ்டீலர்ஸ் முதல்முறை பெல்லுக்கு டேக் போட்டபோது தொகை 1 கோடியே 21 லட்சத்து 20 ஆயிரம் டாலர். அப்போதும் அவர் பயிற்சி முகாமுக்கு வரவில்லை. சீசன் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன் வந்து கையெழுத்துப் போட்டு, அந்த 406 முறையும் பந்தைச் சுமந்தார். மறு ஆண்டும் அதே டேக். 120 சதவிகிதக் கணக்கில் தொகை 1 கோடியே 45 லட்சம் ஆனது. நடுவில் நீண்டகால ஒப்பந்தத்துக்கும் பேச்சு நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு 7 கோடி டாலர் தருவதாக ஸ்டீலர்ஸ் சொன்னதாகவும், அதில் உறுதியான உத்தரவாதம் 1 கோடியே 70 லட்சம் டாலர்தான் என்றும் அப்போது செய்திகள் வந்தன. அதாவது, டேக் தொகையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். முதல் ஆண்டுக்கு மேல் உத்தரவாதம் தருவதில்லை என்பது ஸ்டீலர்ஸ் நிர்வாகம் நெடுங்காலமாகக் கடைப்பிடித்த வழக்கம். ஒருவருக்காக அதை மாற்ற முடியாது என்றார்கள்.

ஜூலை மத்தியில் பேச்சுவார்த்தைக் கெடு முடிந்தது. அதன் பிறகு நீண்டகால ஒப்பந்தம் பேசவே விதி இடம் தராது. டேக்கில் ஆடு, அல்லது ஆடாதே.

பெல் ஆடவில்லை.

ஒற்றை ஆள் வேலைநிறுத்தம்

ஒப்பந்தத்துக்காக வேலைக்கு வராமல் இருப்பதை அங்கே 'ஹோல்ட் அவுட்' என்பார்கள். தொழிற்சங்கம் கூட்டாகச் செய்தால் வேலைநிறுத்தம். ஒருவர் தனியாகச் செய்தால் ஹோல்ட் அவுட். தனியாகச் செய்பவருக்குக் கொடி கிடையாது, கோஷம் கிடையாது, பக்கத்தில் நிற்கத் தோழர்களும் கிடையாது.

பெல்லுக்கு அது சீக்கிரமே புரிந்தது. சீசனின் முதல் ஆட்டம் நடக்கும் வாரத்தில், அவருக்கு வழி திறந்துகொடுக்கும் முன்வரிசை வீரர்களே பத்திரிகையாளர்களிடம் பொங்கிவிட்டார்கள். அவர் என்னைப்போல் ஏழு மடங்கு சம்பாதிக்கிறார், அவருக்கே அக்கறை இல்லை என்றால் எங்களுக்கு என்ன வந்தது என்ற ரீதியில் பேசினார், முன்வரிசையின் மூத்த வீரர் ராமோன் ஃபாஸ்டர். கோபம் நியாயமானதுதான். ஆனால், கொஞ்சம் யோசித்தால் வேதனையானதும்கூட. முதலாளியிடம் ஒருவர் கேட்பதைப் பார்த்து, பக்கத்து மேஜைக்காரருக்கு எரிச்சல் வருகிறது. எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான். 

பெல்லுக்கு ஒவ்வொரு வாரமும் ஆன நஷ்டம் 8 லட்சத்து 55 ஆயிரம் டாலர். டேக்கில் கையெழுத்தே போடாததால், அவர் அணியின் ஊழியரே இல்லை. எனவே அபராதமும் கிடையாது. சம்பளம் மட்டும் வாரா வாரம் கரைந்துகொண்டிருந்தது.

அந்த செப்டம்பரின் கடைசி ஞாயிறு, அரிசோனாவில் ஒரு சம்பவம். சியாட்டில் அணியின் தற்காப்பு வீரர் எர்ல் தாமஸும் அந்த ஆண்டு புது ஒப்பந்தம் கேட்டு முகாமுக்கு வராமல் இருந்தவர். கிடைக்காமல் போகவே, மனம் மாறி, சீசன் தொடங்கும்போது வந்து ஆடினார். நான்காவது ஆட்டத்தில் கால் எலும்பு முறிந்தது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது, தன் சொந்த அணியின் பக்கம் பார்த்து நடுவிரலை உயர்த்தினார். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நாகரிகமான செய்கை இல்லைதான். ஆனால், வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெல்லுக்கு அந்த விரல் சொன்னதை வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரும் காலில் அடிபட்டவர். 2015 நவம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்து, பாதி சீசனை இழந்தவர்.

ஆனால், இந்த மாதிரி ஆட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. நாம் இல்லாவிட்டால் வேலை கெட வேண்டும். 

கெட்ட கதையும் இருக்கிறது. 1993-ல் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியின் ரன்னிங் பேக் எம்மிட் ஸ்மித் இதேபோல் வராமல் இருந்தார். அப்போதுதான் சாம்பியன் பட்டம் வென்றிருந்த அணி, அவர் இல்லாமல் முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது. இரண்டாவது தோல்விக்குப் பிறகு, சக வீரர் சார்லஸ் ஹேலி ஆத்திரத்தில் ஹெல்மெட்டைத் தூக்கி உடை மாற்றும் அறையின் சுவரில் வீசினார். அணி முதலாளி ஜெர்ரி ஜோன்ஸ் அதற்குமேல் தாமதிக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு 1 கோடியே 36 லட்சம் டாலர். ஸ்மித் திரும்பி வந்தார். மிச்சமிருந்த 14 ஆட்டங்களில் ஆடியே அந்த ஆண்டின் அதிக ரன்னிங் கெஜங்களைக் குவித்தார். சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். டல்லாஸ் மறுபடியும் சாம்பியன்.

பிட்ஸ்பர்க்கில் அப்படி நடக்கவில்லை. பெல்லின் இடத்துக்கு வந்தவர் ஜேம்ஸ் கானர் என்ற 23 வயது இளைஞர். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ரத்தத்தோடு தொடர்புடைய ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற புற்றுநோய் வந்து, சிகிச்சை எடுத்து, அதிலிருந்து மீண்டு திரும்பிவந்தவர். உள்ளூர்ப் பையன், நோயை வென்றவன், அட்டவணைச் சம்பளத்தில் கிடைத்தவன். எந்த ஊர் ரசிகருக்குத்தான் பிடிக்காது? முதல் ஆட்டத்திலேயே 135 கெஜம் ஓடினார். சீசன் முடிவில் 973 கெஜம், ஓடி அடித்த டச்டவுன் 12. நட்சத்திர வீரர்களுக்கான ப்ரோ பௌல் அணியிலும் இடம்.

பெல் இல்லாமல் வேலை நடந்தது. ஸ்டீலர்ஸ் அந்த ஆண்டு பிளே ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெறாமல் போனது உண்மை. ஆனால், யாரும் அதற்கு ரன்னிங் பேக்கைக் காரணமாகச் சொல்லவில்லை. 1993-க்கும் 2018-க்கும் நடுவில் ஆட்டமே மாறியிருந்தது. பந்தை எறிந்து ஆடுவதற்குச் சாதகமாக விதிகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. எறிபவரும் பிடிப்பவரும், எறிபவரை விரட்டிப் பிடிக்கும் தற்காப்பு வீரரும் விலை உயர்ந்தார்கள். பந்தைச் சுமந்து ஓடுபவர், மாற்றிக்கொள்ளக்கூடிய உதிரி பாகம் என்ற எண்ணம் நிர்வாகங்களுக்கு வந்துவிட்டது. இருபத்தாறு, இருபத்தேழு வயதில் உடம்பு தேயத் தொடங்கும். அதற்குள் அட்டவணைச் சம்பளத்தில் இன்னொரு இருபத்திரண்டு வயதுப் பையன் கிடைப்பான். 

நவம்பர் 13 கெடு முடிந்தது. மறுநாள்தான் அந்த லாக்கர் காட்சி.

அதே பூட்டு, வேறு கதவு

இதே டேக்கை வைத்துக்கொண்டு கோடீஸ்வரரானவரும் உண்டு. வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் கிர்க் கசின்ஸ். 2016-ல் அவருக்கு டேக். கிட்டத்தட்ட 2 கோடி டாலர். 2017-ல் மறுபடியும் டேக். 2 கோடியே 39 லட்சம். இரண்டு முறையும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டு ஆடினார். மூன்றாவது முறை டேக் போட்டால் விதிப்படி 144 சதவிகிதம், சுமார் 3.45 கோடி டாலர் தர வேண்டும். வாஷிங்டனுக்கு அது கட்டுப்படியாகவில்லை. 2018-ல் விடுதலையான கசின்ஸ், மினசோட்டா அணியோடு மூன்று ஆண்டுகளுக்கு 8 கோடியே 40 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். ஒவ்வொரு டாலரும் உத்தரவாதம். பெல் வீட்டில் உட்கார்ந்த அதே ஆண்டு!

டல்லாஸின் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் கதை இன்னும் தெளிவானது. 2020-ல் டேக்கில் ஆடிக்கொண்டிருந்தபோது கணுக்கால் முறிந்தது. பெல் பயந்தது அப்படியே நடந்தது. ஐந்து மாதம் கழித்து டல்லாஸ் அவருக்குக் கொடுத்தது நான்கு ஆண்டுகளுக்கு 16 கோடி டாலர்; உத்தரவாதம் மட்டும் 12.6 கோடி. கணுக்காலைப் பற்றி அணி பெரிதாகக் கவலைப்படவில்லை. ஏனென்றால், குவார்ட்டர்பேக் முப்பத்தைந்து வயதுவரை எறியலாம். ரன்னிங் பேக்கின் கணுக்கால் முறிந்திருந்தால் அந்தக் காசோலை வந்திருக்குமா?

பெல்லுக்கு உறைக்கும்படியான செய்தி 2021 செப்டம்பரில் வந்தது. ஸ்டீலர்ஸ் அணியின் தற்காப்பு நட்சத்திரம் டி.ஜே.வாட், புது ஒப்பந்தம் கிடைக்கும்வரை அணியோடு சேர்ந்து பயிற்சி செய்யாமல் ஒதுங்கியிருந்தார். முகாமுக்கு வருவார், ஆனால், அணிப் பயிற்சியில் இறங்கமாட்டார். கடைசியில் நான்கு ஆண்டுகளுக்கு 11 கோடியே 20 லட்சம் டாலர் கிடைத்தது. அதில் 8 கோடி உத்தரவாதம். முதல் ஆண்டுக்கு மேல் உத்தரவாதம் தருவதில்லை என்ற அந்தப் பழைய வழக்கம் எங்கே போனது? மாற்றிக்கொண்டார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் கொள்கை என்று சொல்லப்பட்டது உண்மையில் விலைதான்.

வாட் செய்ததற்கு 'ஹோல்ட் இன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் இதுதான் வழக்கம். 2020-ல் வந்த புதிய தொழிலாளர் ஒப்பந்தப்படி, ஒப்பந்தத்தில் இருக்கும் மூத்த வீரர் முகாமுக்கு வராவிட்டால் நாளொன்றுக்கு 50,000 டாலர் அபராதம்; அணியே விரும்பினாலும் அதைத் தள்ளுபடி செய்ய முடியாது. அதனால் வீரர்கள் வருகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், முதுகு வலிக்கிறது என்று ஓரமாக நிற்கிறார்கள். 2025-ல் டல்லாஸின் மைக்கா பார்சன்ஸ் இப்படித்தான் இருந்தார். ஒரு பயிற்சி ஆட்டத்தின்போது மைதான ஓரத்தில் மசாஜ் மேஜைமீது படுத்திருந்த படம் ஊரெல்லாம் சுற்றியது. சில நாளில் அவரை கிரீன் பே அணிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே நான்கு ஆண்டுகளுக்கு 18 கோடியே 80 லட்சம் டாலர்.

வீரர்கள் சங்கம் இந்த டேக்கை ஏன் ஒழிக்கவில்லை என்ற கேள்வி எழும். 32 அணிகள், அணிக்கு 53 பேர் என்றால் சுமார் 1,700 வீரர்கள். டேக் விழுவது ஆண்டுக்கு அதிகபட்சம் 32 பேர்மீது. பெரும்பாலும் அதைவிட மிகக் குறைவு. அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வசதியானவர்கள். மீதிப் பேருக்குக் குறைந்தபட்சச் சம்பளமும் மருத்துவ வசதியும் ஓய்வூதியமும்தான் முக்கியம். 2020 ஒப்பந்தத்தின்மீது வீரர்கள் வாக்களித்தபோது ஆதரவு 1,019, எதிர்ப்பு 959. வெறும் 60 வாக்கு வித்தியாசம். அப்படி ஒரு மேஜையில் சில பேருடைய பூட்டுக்காக யார் சண்டை போடுவார்கள்?

பெல்லின் கணக்கு

2019 மார்ச்சில் பெல் நியூயார்க் ஜெட்ஸ் அணியில் சேர்ந்தார். நான்கு ஆண்டுகளுக்கு 5 கோடியே 25 லட்சம் டாலர், அதில் 3.5 கோடி உத்தரவாதம் என்று அறிவிக்கப்பட்டது. உடனே எல்லோரும் கால்குலேட்டரைத் தட்டினார்கள். ஸ்டீலர்ஸ் தருவதாகச் சொன்ன 7 கோடி எங்கே, இந்த 5.25 கோடி எங்கே? கைவிட்ட 1.45 கோடியையும் சேர்த்தால் ஏமாந்தவர் பெல்தான் என்று தீர்ப்பு எழுதினார்கள்.

அந்தத் தீர்ப்பு கொஞ்சம் அவசரமானது. ஸ்டீலர்ஸின் 7 கோடியில் எவ்வளவு கைக்கு வந்திருக்கும் என்பது ஒவ்வோர் ஆண்டும் அவர்கள் மனம் வைப்பதைப் பொறுத்தது. ஜெட்ஸின் உத்தரவாதம் கைக்கு வந்த பணம். அதை 2020-ல் நிகழ்ந்தது காட்டிவிட்டது. ஜெட்ஸுக்காகப் பெல் ஆடியது மொத்தமே 17 ஆட்டங்கள். பழைய மின்னல் இல்லை. முதல் ஆண்டில் ஓட்டத்துக்குச் சராசரி 3.2 கெஜம்தான். 2020 அக்டோபரில் அணி அவரை நீக்கியது. உத்தரவாதம் இல்லாத பிட்ஸ்பர்க் ஒப்பந்தத்தில் இப்படி நீக்கப்பட்டிருந்தால் வெறும் கையோடுதான் போயிருப்பார். பணத்தில் பெல் பெரிதாக ஜெயிக்கவில்லை. ஆனால், உலகம் கேலி செய்த அளவுக்குத் தோற்கவும் இல்லை.

அவர் இழந்தது வேறு. தயங்கித் தயங்கிக் கதவு திறக்கக் காத்திருந்த அந்த ஆட்டம், பிட்ஸ்பர்க்கின் முன்வரிசையை நம்பித்தான் இருந்தது. ஜெட்ஸில் கதவு திறப்பவர்கள் அந்தத் தரத்தில் இல்லை. 26 வயதில், கால்கள் உச்சத்தில் இருந்த ஓராண்டை சும்மா உட்கார்ந்து கழித்தாகிவிட்டது. பிறகு கன்சாஸ் சிட்டி, பால்டிமோர், டேம்பா என்று சில மாதங்கள். 2022 செப்டம்பரில் ஒரு காட்சி குத்துச்சண்டையில், இன்னொரு முன்னாள் ரன்னிங் பேக்கான ஏட்ரியன் பீட்டர்சனை வீழ்த்தினார். 2023-ல் ஒரு பாட்காஸ்ட் பேட்டியில், பிட்ஸ்பர்க்கை விட்டுப் போனதற்காக வருந்துவதாகச் சொன்னார். அந்த வருத்தத்தையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. கணக்குச் சரியாக இருந்தும் மனசு ஆறாமல் போவதுண்டு.

பெல்லுக்குப் பிறகு ரன்னிங் பேக்குகளின் நிலை இன்னும் மோசமானது. 2017-ல் அவர்களுக்கான டேக் தொகை 1 கோடியே 21 லட்சம் டாலர் என்று பார்த்தோம். 2023-ல் அது 1 கோடியே 91 ஆயிரம். குறைந்திருக்கிறது! அதே காலத்தில் ஒவ்வொரு அணியும் வீரர்களுக்குச் செலவிடலாம் என்ற சம்பள உச்சவரம்பு 16.7 கோடியிலிருந்து 22.48 கோடி டாலருக்கு ஏறியிருந்தது. குவார்ட்டர்பேக்கின் டேக் 2.12 கோடியிலிருந்து 3.24 கோடி ஆனது. எல்லோர் விலையும் ஏறும் சந்தையில், அதிக அடி வாங்குபவர் விலை மட்டும் இறங்கியது.

அந்த 2023-ல் டேக் விழுந்த மூன்று ரன்னிங் பேக்குகளில் ஒருவர் ஜோஷ் ஜேக்கப்ஸ். முந்தைய ஆண்டு நாட்டிலேயே அதிக கெஜம் ஓடியவர். இன்னொருவர் நியூயார்க் ஜயன்ட்ஸின் சாக்வான் பார்க்லி. ஜூலை கெடு முடிந்தும் மூவரில் ஒருவருக்கும் நீண்டகால ஒப்பந்தம் அமையவில்லை. அந்த வார இறுதியில் நாட்டின் முன்னணி ரன்னிங் பேக்குகள் ஜூம் அழைப்பில் ஒன்றுகூடிப் பேசினார்கள். ஆஸ்டின் எக்கலர் ஏற்பாடு செய்தார். கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, டெரிக் ஹென்றி, நிக் சப், பார்க்லி எல்லோரும் இருந்தார்கள். ஸ்டீலர்ஸில் பெல்லின் பழைய இடத்துக்கு வந்திருந்த நஜீ ஹாரிஸும் இருந்தார். உடனடியாக ஒன்றும் விளையவில்லை. போட்டியாளர்கள் ஒரே திரையில் சேர்ந்து உட்கார்ந்ததே செய்தியாயிற்று.

பார்க்லி, பெல் போன வழியில் போகவில்லை. ஊக்கத்தொகையோடு 1.1 கோடி டாலர்வரை கிடைக்கும் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒப்புக்கொண்டு, முகாமுக்கு வந்து, ஆடினார். மறு ஆண்டு ஜயன்ட்ஸ் டேக் போடவில்லை. நீண்டகால ஒப்பந்தமும் தரவில்லை. போகவிட்டது. ஜயன்ட்ஸ் அலுவலகத்தின் உள்ளே நடந்த பேச்சுகளை ஒரு தொலைக்காட்சித் தொடர் அப்போது படம் பிடித்துக்கொண்டிருந்தது. பார்க்லி பரம எதிரியான ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனால் தனக்குத் தூக்கம் வராது என்று அணி உரிமையாளர் ஜான் மாரா சொன்னது அதில் பதிவாகியிருக்கிறது.

பார்க்லி ஃபிலடெல்ஃபியாவுக்கே போனார். மூன்று ஆண்டுகளுக்கு 3 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் டாலர், உத்தரவாதம் 2.6 கோடி. நாட்டிலேயே மிகச் சிறந்தது என்று பெயர் வாங்கிய முன்வரிசை அங்கே இருந்தது. 2024 சீசனில் அவர் ஓடியது 2,005 கெஜம். பிளே ஆஃப் ஆட்டங்களையும் சேர்த்தால் 2,504, என்.எஃப்.எல். வரலாற்றில் ஒரே சீசனில் யாரும் அவ்வளவு ஓடியதில்லை. 2025 பிப்ரவரி 9-ம் தேதி நடந்த சூப்பர் பௌலில் ஃபிலடெல்ஃபியா 40-22 என்று கன்சாஸ் சிட்டியை வென்றது. அன்றைக்குப் பார்க்லிக்கு 28-வது பிறந்த நாள். ஜயன்ட்ஸ் அந்த ஆண்டு ஆடிய 17 ஆட்டங்களில் 3 மட்டுமே வென்றது.

பழைய ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுகள் பாக்கியிருக்கும்போதே, அடுத்த மாதம் ஃபிலடெல்ஃபியா மேலும் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து எழுதிக்கொடுத்தது. ஆண்டுக்கு 2 கோடி டாலரைத் தாண்டிய முதல் ரன்னிங் பேக் பார்க்லிதான். அதில் 3 கோடியே 60 லட்சம் டாலர் உத்தரவாதம்.